ரெண்டு வரி, ஒரே மூச்சு

தம்பி, அந்த சவுண்டைக் கொஞ்சம்... இல்ல இல்ல, கோவிச்சுக்காதீங்க. காதுல மாட்டுறது இருந்தா மாட்டிக்கங்க. இல்லையா? சரி, அப்ப கொஞ்ச நேரம் நிறுத்தித்தான் வைக்கணும். ஒரு நிமிசம் நாப்பது செகண்டு ஓடுற வீடியோதானே அது? நெலக்கோட்டை கல்யாண மண்டபம், பச்சைப் பட்டுச் சேலை, 'அக்கரை விளக்கே அணையாதிரு'? அதுல பாடுறது என் சம்சாரம்.

சிரிக்காதீங்க. சத்தியமாத்தான் சொல்றேன். பேரு ஜெசிந்தா. எம்பேரு ஸ்தனிஸ்லாஸ். திண்டுக்கல்ல ஸ்டார் வாய்ஸ் மெல்லிசைக் குழுன்னு கேட்டுப் பாருங்க, மாதா கோயில் தெருவுல சின்னப் புள்ள கூட வீட்டைக் காட்டும். நான் கீபோர்டு. குழுவும் நம்மளுதுதான். இந்த பஸ்ஸுல சின்னமனூர் வரைக்கும் போறேன். நீங்க கம்பமா? அப்ப நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போவம்.

இப்ப உங்க காலத்துல இதுக்கெல்லாம் கவர்னு பேரு வெச்சிருக்காய்ங்க. கவர்னா எங்களுக்குத் தெரிஞ்சது மொய்க் கவருதான். ஒரு பய கிதாரைத் தூக்கிக்கிட்டு மொட்டை மாடியில உக்காந்து, நல்லா ஓடுற பாட்டைப் பிடிச்சு இழு இழுன்னு இழுக்குறான். கேட்டா ஃபீலுங்கறான். ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம். ரெக்கார்டுல இருக்கற மாதிரி பாட முடியல, அதுக்குப் பேரு ஃபீலு.

எங்க தொழில்ல ஒரே ஒரு பாராட்டுதான் தம்பி. பாடி முடிச்சதும் கீழ இருந்து ஒருத்தன் "அப்படியே ரெக்கார்டு கேட்ட மாதிரி இருந்துச்சுய்யா"ன்னு சொல்லணும். அது போதும். வேற எதுவும் வேணாம். அச்சு அசல். ரெக்கார்டுல பாடுன அந்தம்மா எங்க மூச்சு விடுதோ அங்கதான் நம்மளும் மூச்சு விடணும். 'அக்கரை விளக்கே'யில, மொதச் சரணம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அந்தம்மா எச்சி முழுங்கற சத்தம் ஒண்ணு லேசாக் கேக்கும். எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். ஜெசிந்தாவை அதையும் பழக வெச்சேன். எட்டு நாளு ஆச்சு. ஒன்பதாம் நாளு வந்துருச்சு.

அந்தப் பாட்டு படகுப் பாட்டு. துள்ளல். கீபோர்டுல வேகம் நிமிசத்துக்கு நூத்தி முப்பத்திரண்டு தட்டு, ஒரு எண்ணு கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. ரெண்டாவது சரணத்துல ஒரு இடம் இருக்கு. 'அலை வந்து கேட்டாலும் அணையாதிரு, அவன் வந்து சேர்ந்தாலும் அணையாதிரு'ன்னு ரெண்டு வரி, அதை ஒரே மூச்சுல எடுக்கணும். ரெக்கார்டுல அப்படித்தான். மத்தக் குழுவுல பாடுற புள்ளைங்க எல்லாம் நடுவுல திருட்டு மூச்சு விடும். ஜெசிந்தா விட மாட்டா. அவ அந்த ரெண்டு வரியை முடிச்சதும் ஜனம் விசில் அடிக்கும் பாருங்க! போஸ்டர்லயே போட்டோம், 'ஒரே மூச்சு ஜெசிந்தா'ன்னு. பதினோரு வருசம். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, எங்க போனாலும் அந்தப் பாட்டு இல்லாம எறங்க விட மாட்டாங்க.

நான் மாதா கோயில் கொயர்ல ஆர்மோனியம் வாசிச்சப்ப அவ பாட வந்த பொண்ணு. பங்குச் சாமியார்தான் சேத்து வெச்சார். குரல்ல ஒரு கொறை சொல்ல முடியாது. அவளாப் பாட விட்டா மட்டும் கொஞ்சம் எங்கயாவது போயிருவா. அதை நான் புடிச்சு இழுத்து ரெக்கார்டு மேல உக்கார வெப்பேன். அதுக்குத்தானே நான் இருக்கேன்?

என்கிட்ட ஒரு நோட்டு உண்டு. ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு பக்கம். தேதி, ஊரு, எந்தப் பாட்டுல எந்த எடத்துல பிசகுச்சு, எல்லாம் செவப்பு மையில. வீட்டுக்கு வந்ததும் வாசிச்சுக் காட்டுவேன். அவ "சரிங்க"ம்பா. அவ்வளவுதான். அந்த மாதிரி சம்சாரம் கெடைக்கறது கஷ்டம் தம்பி.

இந்த வருசம் தையில ஆரம்பிச்சுது. தை பதினெட்டு, ஒட்டன்சத்திரம். ரெண்டாவது சரணத்துல 'அவன் வந்து' எடத்துல மூச்சு ஒடைஞ்சுது. ஒரு நூலு அளவுதான். ஜனத்துக்குத் தெரியல, விசில் அடிச்சுட்டாய்ங்க. எனக்குத் தெரியாமப் போகுமா? எழுதிட்டேன். மாசி மூணு, வேடசந்தூர். 'கேட்டாலும்' எடத்துலயே ஒடைஞ்சுது. மாசி இருபது, சாணார்பட்டி. மொதச் சரணத்துலயே ரெண்டு எடம். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. பதினோரு வருசமாக் கட்டுன கோட்டை, ஒவ்வொரு செங்கல்லா உருவுற மாதிரி.

கேக்காம இருப்பனா? கேட்டேன். "ஏன் பிசிறுது ஜெசி?"ன்னு கேட்டேன். "தெரியலங்க, நெஞ்சு அடைக்கற மாதிரி இருக்கு"ன்னா. தயிரை நிறுத்துன்னேன். எலுமிச்சம்பழத்தை நிறுத்துன்னேன். காலையில அஞ்சு மணிக்கு எழுப்பி, மெழுகுவத்தியைக் கொளுத்தி மூஞ்சிக்கு முன்னாடி வெச்சு, அந்த ரெண்டு வரியை நாப்பது தடவை. சுடரு ஆடக் கூடாது. எனக்கு எங்க வாத்தியார் சொல்லிக் கொடுத்த பயிற்சி அது. பதினஞ்சு தடவையிலேயே தரையில உக்காந்துருவா. சோம்பேறித்தனம்னுதான் நெனச்சேன். முப்பத்தெட்டு வயசுல என்ன தளர்ச்சி?

அப்புறம் இன்னொண்ணு. முதுகுக்கு ரெண்டு தலகாணியை வெச்சு உக்காந்தபடியே தூங்க ஆரம்பிச்சா. எம்மேல கோவம்னு வெச்சுக்கிட்டேன். கோவம்னா பொம்பளைங்க திரும்பிப் படுப்பாங்க, இவ உக்காந்துக்கிறான்னு முத்துமணிகிட்டச் சொல்லிச் சிரிச்சேன். முத்துமணி நம்ம குழுவுல பேடு வாசிச்சுத் தாளம் போடற பையன். அவன் சிரிக்கல. "அக்காவை ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டுங்கண்ணே"ன்னான். சீசன் முடியட்டும்டான்னேன். முகூர்த்தம் வரிசையா நிக்குது, எந்த நாளைத் தள்ளி வைக்கறது?

வத்தலக்குண்டு தாண்டிருச்சா? தண்ணி இருக்கா தம்பி? ஒரு வாய் குடுங்க.

பங்குனியில அந்த நெலக்கோட்டை வரவேற்பு. சாயங்காலம் கெளம்பறப்ப ஜெசிந்தா சேலை கட்டிக்கிட்டே, "என்னங்க, இன்னிக்கு அக்கரை விளக்கு மட்டும் வேணாமே"ன்னா. மாப்பிள்ளை வீட்டுல அந்தப் பாட்டுக்காகத்தான் நம்மளைப் பிடிச்சிருக்காங்க, எப்படி விடறது? "பாடிருவ, போ"ன்னேன். தைரியம்தான் சொன்னேன். தப்பா அது?

நாலு பாட்டு பாடுனா. அஞ்சாவது இது. முத்துமணி பேடுல பல்லவியை நூத்தி முப்பத்திரண்டுல சரியாத்தான் எடுத்தான். மொதச் சரணத்துல இவ பின்தங்கறா. ஒரு அடி, ரெண்டு அடி. சரி, முத்துமணி வாசிச்சுக்கிட்டே இருந்தா இவ ஓடி வந்து புடிச்சுக்குவா. அந்தப் பய என்ன பண்றான்? அவனும் வேகத்தைக் கொறைக்கறான்! கொறைச்சு கொறைச்சு, கடைசியில கையவே எடுத்துட்டான். தாளமே இல்ல. மேடையில அவ குரலு மட்டும் நிக்குது. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு. 'அக்கரை' மூச்சு. 'விளக்கே' மூச்சு. துள்ளிக்கிட்டு ஓடுற படகு தம்பி அது, தரை தட்டி நின்னுருச்சு.

சாப்பாட்டுப் பந்தியில இருந்து எந்திரிச்சு வந்து பாக்கறாங்க, கையில எச்சில் காயல. எனக்கு மானம் போகுது. நான் கீபோர்டுல இருக்கற தாளத்தைப் போட்டேன். அதுல பட்டனை அமுக்குனாப் போதும், அதுவே வாசிக்கும், யார் மூஞ்சியையும் பாக்காது. நூத்தி முப்பத்திரண்டு. ரெண்டாவது சரணத்துல உள்ள விட்டேன். அதைப் புடிச்சுக்கிட்டு வந்துருவான்னு நம்பித்தான் விட்டேன். அவளைக் காப்பாத்தத்தான். அந்த ரெண்டு வரியை ஏழு துண்டாப் பாடுனா. ஏழு. நான் எண்ணினேன். முடிச்சா. முன்னாடி இருந்த ஸ்பீக்கர் பொட்டி மேல உக்காந்தா. ஜனம் கை தட்டுது, எந்திரிச்சு நின்னு தட்டுது. அவ அப்படியே சாஞ்சுட்டா.

எனக்கு ஒரே ஒரு ஆத்திரம்தான் தம்பி, இன்னிக்கு வரைக்கும். அவ ஏன் சைகை காட்டல?

சைகைன்னா உங்களுக்குத் தெரியாது. மேடையில பாடுறவங்க வாயைத் திறந்து வேகத்தைக் கொறைன்னு சொல்ல முடியுமா? ஜனம் பாக்குமே. அதுக்கு நான் ஒரு முறை வெச்சிருக்கேன். எடது கையைச் சும்மா முதுகுக்குப் பின்னாடி கட்டுன மாதிரி வெச்சுக்கணும். விரலைக் கீழ பாத்து ஆட்டுனா வேகத்தைக் கொறைன்னு அர்த்தம். அதே கைவிரலை முட்டியா மடக்குனா பாட்டை முடின்னு அர்த்தம். கீழ இருக்கறவங்களுக்குத் தெரியாது, பின்னாடி உக்காந்திருக்கற எங்களுக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணம் ஆன புதுசுல நானே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது. ஒரு சைகை காட்டியிருந்தா நான் நிறுத்தியிருக்க மாட்டனா? நான் என்ன அரக்கனா?

முத்துமணியைக் கேட்டேன், ஏன்டா கையை எடுத்தேன்னு. "அக்கா சைகை காட்டுச்சுண்ணே"ங்கறான். பொய். அவன் எடத்துல இருந்து தெரிஞ்சா என் எடத்துல இருந்து தெரியாதா? சண்டை. அவன் அன்னிக்கோட குழுவை விட்டுப் போயிட்டான். போகட்டும். குதிரை கீழ தள்ளுனதும் இல்லாம குழியும் பறிச்ச கதைதான்.

மதுரைக்குக் கொண்டு போனோம். இதயத்துல வால்வாம். சின்ன வயசுல வந்த காய்ச்சல்ல சுருங்க ஆரம்பிச்சு, இப்ப ஊசி முனை அளவுக்கு ஆயிருச்சாம். அங்க ஒரு லேடி டாக்டர், "எப்ப இருந்து மூச்சு வாங்குது?"ன்னு கேட்டாங்க. மத்தவங்களா இருந்தா ஒரு ரெண்டு மாசம் இருக்கும், மூணு மாசம் இருக்கும்னு மென்னு முழுங்குவாங்க. நான் நோட்டை எடுத்தேன். தை பதினெட்டுல இருந்து வரிசையா வாசிச்சேன். எந்தத் தேதி, எந்த வரி, எத்தனை எடம். அந்தம்மா அசந்து போயிட்டாங்க. சின்ன டாக்டர் ரெண்டு பேரைக் கூப்பிட்டு, "இதைப் பாருங்க, இவ்வளவு தெளிவா எந்த நோயாளி வீட்டுலயும் சொன்னதில்ல"ன்னாங்க. எனக்கு அந்த நேரத்துலயும் கொஞ்சம் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

அப்புறம் நோட்டை மூடி என் கையில குடுத்துட்டு, "இவ்வளவும் பாத்திருக்கீங்க, அவங்களுக்கு என்ன செய்யுதுன்னு கேக்கலயா?"ன்னாங்க. "கேட்டேனே டாக்டர், ஏன் பிசிறுதுன்னு கேட்டேனே"ன்னேன். அவங்க என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அது ஏன்னு எனக்கு இன்னும் புரியல. அதை நெனச்சா மட்டும் ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது.

தொடையில ஓட்டை போட்டு, பலூனை உள்ள விட்டு, வால்வை விரிச்சு விட்டாங்க. பொழைச்சுக்கிட்டா. மாதா புண்ணியம். ஆனா ஆஸ்பத்திரியில இருந்து நேரா அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா, ராயப்பன்பட்டிக்கு, சின்னமனூர்ல எறங்கித்தான் போகணும். நாலு மாசம் ஆச்சு. ரெண்டு தடவை போனேன். அவ அண்ணன் சவரிமுத்து வாசல்லயே நின்னுக்கிட்டு, "மாப்ள, அந்த வீடியோவை ஒருக்கா பாத்துட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்"ங்கறார். ரெண்டு தடவையும் அதே பேச்சு. எனக்கே பாட்டைப் பத்திப் பாடம் எடுக்கறாரு, வாழைத்தார் வெட்டுறவரு.

நான் படம் பாக்க மாட்டேன் தம்பி. பாட்டுக்கு எதுக்குப் படம்? சத்தத்தை மட்டும் தனியா எடுத்து வெச்சுக் கேட்டேன். எத்தனை தடவைங்கறீங்க, இருநூறு இருக்கும். மொதல்ல எரிச்சல்தான். ஊரே தலையில தூக்கி வெச்சு ஆடுது, ஒரிஜினலை விட இதுதான் நல்லாருக்குங்குது. முப்பது லட்சம் பேரு பாத்திருக்கானாம். ஒருத்தன் எழுதியிருக்கான், 'இத்தனை வருசமா இது சந்தோசப் பாட்டுன்னு நெனச்சேன், இன்னிக்குத்தான் வார்த்தை காதுல விழுந்துச்சு'ன்னு. இன்னொருத்தன், ரெண்டாவது சரணத்துல அந்தத் தாளம் வந்து விழற எடத்துல புல்லரிக்குதுன்னு போட்டிருக்கான். அந்தத் தாளம் நான் போட்டது! அதை யாரும் சொல்றதில்ல.

கேக்கக் கேக்க எனக்கும் ஒரு மாதிரி ஆயிருச்சு. வீட்டுல தனியா சமைச்சுத் தின்னுக்கிட்டு, அதையே கேட்டுக்கிட்டு இருந்தேன். 'நான் வரும் வரைக்கும் அணையாதிரு'ங்கற எடத்துல அழுதுட்டேன். பதினோரு வருசம் அதை வாசிச்சவன், ஒரு நாளும் அழுததில்ல. அன்னிக்கு முடிவு பண்ணேன். சரி, இனிமே இதுதான் ஒரிஜினல்.

இந்தா பாருங்க, புது நோட்டு. போன வாரம் போன்ல ஜெசிந்தா, "வர்றதுன்னா வாங்க, அந்த நோட்டை மட்டும் எடுத்துட்டு வராதீங்க"ன்னா. நாலு மாசத்துல அவ பேசுன ஒரே பேச்சு. அவ சொன்னா நான் மீறுவனா? பழைய நோட்டை வீட்டுல வெச்சுட்டேன். இதுல அந்த வீடியோவுல அவ மூச்சு விட்ட எடமெல்லாம் குறிச்சிருக்கேன். நாப்பத்தொரு எடம். அதே எடத்துல, அதே அளவுல விட்டாப் போதும், வர்ற ஆவணியில கச்சேரியைப் பிரமாதமா ஆரம்பிச்சிரலாம். இப்பத்தான் அவளுக்கு மூச்சு நல்லா வருதாமே, அதுதான் கொஞ்சம் எடைஞ்சல். வாங்காத மூச்சை வாங்கற மாதிரி காட்டணும். பழக வெச்சிரலாம். எச்சி முழுங்கறதையே ஒன்பது நாள்ல கத்துக்கிட்டவ.

ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுத் தெளிஞ்சுக்கணும். ஏன் சைகை காட்டலைன்னு கேக்கணும். அதுக்கு மட்டும் அவ பதில் சொல்லிட்டா என் மனசு ஆறிரும். புருசன்காரன் பின்னாடியேதானே உக்காந்திருக்கேன்?

தேனியும் தாண்டியாச்சா? வீரபாண்டி வந்துருச்சே. தம்பி, ஒரு உதவி. அந்த ரெண்டாவது சரணத்துல ஒரு மூச்சு மட்டும் எனக்குச் சந்தேகமா இருக்கு, பஸ்ஸு சத்தத்துல கேக்குதான்னு பாக்கறேன், அதைப் போடுங்க. இப்படிப் பிடிங்க, நான் பேனாவை எடுத்துக்கறேன். கண்ணாடி எங்க வெச்சேன்...

ஓ. இது பக்கவாட்டுல இருந்து எடுத்ததா? யாரோ மேடைப் படியில நின்னு எடுத்திருக்காங்க. முன்னாடி இருந்து எடுத்ததுன்னுல்ல நெனச்சேன்.

எளைச்சுத்தான் போயிருக்கா. பாருங்க, கழுத்து நரம்பு எப்படித் துடிக்குது. எனக்கு இது தெரியல, நான் பின்னாடியில்ல இருந்தேன்.

கொஞ்சம் நிறுத்துங்க. பின்னாடி கொண்டு போங்க. இன்னும் கொஞ்சம். இங்க. அவ எடது கை.

விரலு கீழ பாக்குது.

முத்துமணி பாக்கறான். அவன் பாத்துட்டான், கையை எடுக்கறான். பக்கத்துல கீபோர்டுல இருக்கறது நான்தான். தலையைக் குனிஞ்சு கீபோர்டுல இருக்கற வேக எண்ணைப் பாத்துக்கிட்டு இருக்கேன். நூத்தி முப்பத்திரண்டு இருக்கான்னு பாக்கறேன். ஓட விடுங்க. மறுபடி ஆட்டுறா. மறுபடி. நாலு தடவை ஆயிருச்சு தம்பி. திரும்பி வேற பாக்கறா. என்னையத்தான் பாக்கறா. நான் நிமிரவே இல்லையே?

இந்தா, முட்டியை மடக்கிட்டா.

மடக்கிட்டா தம்பி. முடிச்சுருன்னு சொல்லிட்டா. இப்ப என் கை போகுது பாருங்க, பட்டனுக்கு. தாளம் விழுது. புல்லரிக்குதுன்னு எழுதுனானே, அந்த எடம் இது. முட்டியைத் திறக்கவே இல்ல, கடைசி வரைக்கும். மடக்குன கையோடயே அந்த ரெண்டு வரியைப் பாடியிருக்கா.

போதும். வெச்சிருங்க.

என்ன ஊரு இது? சின்னமனூரா? எறங்கறேன் கண்டக்டர், எறங்கறேன், விசில் அடிக்காதீங்க. இல்ல தம்பி, நோட்டை மறந்து விட்டுட்டுப் போகல, தெரிஞ்சுதான் வெச்சிருக்கேன், நீங்களே எடுத்துக்கங்க. ஏழெட்டுப் பக்கம்தான் எழுதியிருக்கு, கிழிச்சுட்டா புதுசுதான்.

ஏன் சைகை காட்டலைன்னு கேக்கத்தானே தம்பி இவ்வளவு தூரம் வந்தேன். இப்ப அவ முன்னாடி போய் நின்னு நான் என்னத்தைக் கேப்பேன்?